நெல்லையில் டெங்கு எத்தனை பேருக்கு? எண்ணை நம்பும் முன் பார்க்க வேண்டியவை

"பாளையங்கோட்டையில் முந்நூறு பேருக்கு டெங்கு" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் உடனே அடுத்த குரூப்புக்குத் தள்ளிவிடாதீர்கள். அந்த முந்நூறு ஜனவரியிலிருந்து சேர்ந்த மொத்தமா, இன்று சிகிச்சையில் இருப்பவர்களா, காய்ச்சல் என்று வந்த எல்லாரையும் சேர்த்ததா? அனுப்பியவரிடம் கேளுங்கள், பெரும்பாலும் அவருக்கே தெரியாது.

சிகிச்சையில் இருப்பவர்கள் என்பது வெறும் கழித்தல் கணக்கு. மொத்தத்தில் குணமானவர்களும் இறந்தவர்களும் போக மீதி. கொரோனா சமயத்தில் சுகாதாரத் துறையின் தினசரி அறிக்கையில் இந்த நான்கு எண்களும் மாவட்டவாரியாக ஒரே அட்டவணையில் இருந்ததால் நாமே சரிபார்க்க முடிந்தது. சும்மா ஓர் உதாரணம்: நேற்று 120 பேர், இன்று புதிதாக 15, வீடு திரும்பியவர் 22, இறப்பு 1 என்றால் இன்று 112 வர வேண்டும். வரவில்லையா, பழைய கணக்கு எதையாவது இன்று சேர்த்திருக்கிறார்களா என்று அடிக்குறிப்பைப் பாருங்கள். எண் இறங்கினாலும் கொஞ்சம் பொறுங்கள். 2020 மே மாதம் டிஸ்சார்ஜ் விதியே மாறி, லேசான பாதிப்பு உள்ளவர்களுக்குக் காய்ச்சல் விட்டிருந்தால் பத்து நாளில் மறுபரிசோதனை இல்லாமலே அனுப்பலாம் என்றானது, விதி மாறினால் மீதியும் மாறும்தானே.

டெங்குவுக்கு அந்த வசதி இல்லை. மத்திய அரசின் இணையதளத்தில் மாநிலவாரியாக அந்த ஆண்டின் மொத்தமும் இறப்பும்தான் கிடைக்கும். ஐடிஎஸ்பி எனப்படும் மத்திய அரசின் நோய்க் கண்காணிப்புத் திட்டத்தின் வாராந்திர அறிக்கையில் மாவட்டம், நோய், தொடங்கிய தேதி எல்லாம் உண்டு, ஆனால் ரொம்பத் தாமதமாக வரும். இன்றைய நிலவரம் வேண்டுமென்றால் கலெக்டர் அலுவலகச் செய்திக்குறிப்பைப் பாருங்கள், இல்லையென்றால் மாநகராட்சி சுகாதாரப் பிரிவிலோ உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ நேரில் கேளுங்கள்.

அப்புறம் இந்த லேப் சண்டை. தனியார் லேபில் கார்டு டெஸ்டில், அதாவது உடனே முடிவு சொல்லும் விரைவுப் பரிசோதனையில், பாசிட்டிவ் வந்தவர் அரசு கணக்கில் உறுதியான நோயாளி ஆவதில்லை, அதற்கு எலிசா என்ற ஆய்வக ரத்தப் பரிசோதனை வேண்டும். தெருவில் பத்துப் பேர், அறிக்கையில் இரண்டு பேர் என்றால் மறைக்கிறார்கள் என்று கத்துவதற்கு முன் எந்த டெஸ்ட் என்று கேளுங்கள்.

பழைய ஆண்டோடு ஒப்பிடுபவர்கள் எல்லையையும் பார்க்க வேண்டும். 2012 டெங்குவில் அதிகம் அடிபட்ட கடையநல்லூர் அன்று திருநெல்வேலி மாவட்டம், 2019 நவம்பரிலிருந்து தென்காசி மாவட்டம். அன்றைய நெல்லை எண்ணையும் இன்றைய நெல்லை எண்ணையும் பக்கத்தில் வைத்தால் பாதி ஊர் காணாமல் போயிருக்கும். இரண்டு மாவட்டத்தையும் கூட்டிவிட்டு ஒப்பிடுங்கள்.