இறையியலா, சமயக் கற்கையா? பட்டப்பின்படிப்புக்குப் புலமைப்பரிசில் தேடும் முறை

எனக்குப் புலமைப்பரிசில் கிடைத்தது இரண்டாவது வருடம்தான். முதல் வருடம் அனுப்பிய ஆறு விண்ணப்பமும் ஒரே பிழையால் திரும்பி வந்தன. அதே பிழையை வெள்ளவத்தையில் எனக்குத் தெரிந்த தங்கச்சிமாரும் இப்போது செய்யப் பார்க்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். கடவுச்சீட்டு எடுப்பதும் பெறுபேற்றுப் பத்திரம் வாங்குவதும் உங்களுக்குத் தெரிந்ததே.

படி 1: எந்த வாசல்?

ஒரு நம்பிக்கைக்குள் நின்று அதைச் சிந்திப்பது இறையியல். மக்கள் அந்த நம்பிக்கையை எப்படி வாழ்கிறார்கள் என்று ஆராய்வது சமயக் கற்கை. காசு வரும் வழியும் இதோடு மாறும்.

இறையியலுக்குச் சபைகள் வழியாக உதவி வரும். ஜெனீவாவுக்கு அருகே 1946 இல் தொடங்கிய போசே நிறுவனம் உலகத் திருச்சபைகள் மன்றத்தினுடையது. அங்கே போக உங்கள் சபையின் ஒப்புதல் கடிதம் வேண்டும். கலாநிதிப் பட்டத்துக்கு லாங்ஹம் என்ற கிறிஸ்தவ அமைப்பு உதவுகிறது. நற்செய்திச் சபைப் பின்னணி உள்ளவர்களுக்கு, படித்து முடித்து ஊர் திரும்பிப் பணி செய்ய வேண்டும் என்ற எதிர்பார்ப்போடு.

சமயக் கற்கைக்குப் பொதுவான புலமைப்பரிசில்களைப் பாருங்கள். ஒரு வருட முதுமாணிப் படிப்புக்குப் பிரித்தானிய அரசின் செவனிங் நல்லது. 2,800 மணித்தியால வேலை அனுபவம் கேட்பார்கள். முடிந்ததும் ஊர் திரும்பி இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும். அமெரிக்காவில் பெரிய பல்கலைக்கழகங்களின் கலாநிதிப் படிப்பு பெரும்பாலும் கட்டணமும் மாதப்படியும் சேர்த்தே வரும்.

சைவ சித்தாந்தம் படிக்கும் பிள்ளைகளை யாரும் சரியாக வழிகாட்டுவதில்லை என்பது என் கவலை. கொழும்பு இந்திய உயர்ஸ்தானிகராலயம் அறிவிக்கும் மௌலானா ஆசாத் புலமைப்பரிசில் முதுமாணிக்கு உரியது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தத்துக்கென்றே தனித்துறை இருக்கிறது.

படி 2: ஆய்வு முன்மொழிவு

நான் விழுந்த இடம் இது. என் முதல் வரி: "சிறுவயதிலிருந்தே இறைவன் என்னை வழிநடத்தினார்." எங்கள் சபையில் எழுந்து நின்று சொல்ல அது சரியான வரி. நானோ அதைச் சமயக் கற்கைத் துறைகளுக்கு அனுப்பினேன்.

ஓய்வுபெற்ற விரிவுரையாளர் ஒருவரிடம் கொண்டுபோனேன். இரண்டு பக்கத்தையும் வாசித்துவிட்டு "நல்லிணக்கம்" என்ற சொல்லை மட்டும் சிவப்பால் வட்டமிட்டார். "பிள்ளை, இது சாட்சி. இதில கேள்வி எங்க? செவ்வாய்க்கிழமையில கொச்சிக்கடைக்குப் போறனீர்தானே, அங்க என்னத்தைக் கண்டனீர்?"

அடுத்த செவ்வாய் கொப்பியோடு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போனேன். நெற்றியில் விபூதியோடு ஒரு அம்மா மெழுகுதிரி கொளுத்தினார். சுரூபத்தின் கண்ணாடியைத் தொட்ட விரல்களை மகனின் கண்ணில் ஒற்றினார். வெளியே வந்து, அம்மன் கோயிலுக்கென்று பூமாலை வாங்கினார்.

அன்றிரவு என் முன்மொழிவில் இருந்த "சமய நல்லிணக்கம்" போய், இப்படி ஆனது: ஒரே நேர்த்திக்காக அந்தோனியாரிடமும் அம்மனிடமும் போகும் தாய், இருவரையும் பற்றி எந்தச் சொற்களில் பேசுகிறாள்? இது சின்னக் கேள்வி. கேட்டால் பதில் வரும். தமிழ் தெரிந்தவரால்தான் கேட்கவும் முடியும்; அதை முன்மொழிவில் கூச்சமில்லாமல் எழுதுங்கள். இதே காட்சியை இறையியல் துறைக்கு எழுதினால் கேள்வி வேறு: புனிதரின் பரிந்துரை பற்றிய திருச்சபைப் போதனையை அந்தத் தாயின் நேர்த்தி எப்படி விரிக்கிறது?

கேள்விக்குப் பிறகு மூன்று விஷயம் போதும்: இதுபற்றி முன்பு எழுதியவர் யார், நீங்கள் எப்படித் தேடப் போகிறீர்கள், அந்தத் துறையில் யாரிடம் படிக்க விரும்புகிறீர்கள்.

படி 3: சிபாரிசுக் கடிதம்

ஆறு கிழமைக்கு முன்பே கேளுங்கள். முன்மொழிவையும் சேர்த்துக் கொடுங்கள். பெரிய பதவியில் இருப்பவரைவிட உங்கள் கட்டுரையைத் திருத்தியவரின் கடிதமே மேல்.

படி 4: காசுக் கணக்கு

"கட்டண விலக்கு" என்றால் சாப்பாட்டுக்கும் அறைக்கும் காசு இல்லை என்று அர்த்தம். ஜேர்மனியில் அரச பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கல்விக்கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் ஹைடெல்பர்க், ட்யூபிங்கன் இரண்டும் இருக்கும் மாநிலத்தில் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களிடம் அரையாண்டுக்கு 1,500 யூரோ அறவிடுகிறார்கள். வீசாவுக்கு ஒரு வருடச் செலவுக்கான காசையும் காட்ட வேண்டும்.

நூல் விபரங்களைச் சேர்த்துவைக்க ஸோடெரோ என்ற மென்பொருள்தான் என் தெரிவு. இலவசம், தமிழ் எழுத்தும் உடையாது. முன்மொழிவைக் கூகுள் டொக்ஸில் எழுதுங்கள். சேர்மாருக்கு ஓரத்தில் குறிப்பு எழுத வசதி.

பிற்சேர்க்கை: வாசித்த இரண்டு பேர் எம்.டிவ். படிப்புக்கு விண்ணப்பிக்கப் போனார்கள். அது பெரும்பாலும் மூன்று வருடம், சபை ஊழியத்துக்கான பயிற்சி. ஆய்வுக்குப் போகிறவர்கள் எம்.டி.எஸ். (இறையியல் கற்கை முதுமாணி) அல்லது எம்.ஏ. பாருங்கள்.

இன்னொருவரின் ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சைப் பெறுபேறு விண்ணப்பம் முடியும் முன்பே காலாவதியாகிவிட்டது. அது இரண்டு வருடம்தான் செல்லும். செவனிங் வழமையாக ஆகஸ்டில் திறக்கும், அமெரிக்கக் கலாநிதி விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரில் மூடும். இந்த இரண்டு மாதங்களையும் கலண்டரில் குறித்துவிட்டுப் பரீட்சைக்குக் காசு கட்டுங்கள்.