பலர் நிரப்பும் எக்செல் ஷீட்டில் ஃபார்முலா கலையாமல் காப்பது எப்படி

அலுவலகத்தில் பலர் சேர்ந்து நிரப்பும் ஷீட் பெரும்பாலும் கவனக்குறைவால்தான் கெடுகிறது. மொத்தத் தொகை உள்ள செல்லில் கர்சர் நிற்பது தெரியாமல் ஒருவர் எண்ணைத் தட்டிவிடுகிறார். இன்னொருவர் பெயர்கள் உள்ள நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து அகரவரிசைப்படுத்துகிறார். பெயர்கள் இடம் மாற, பக்கத்துத் தொகைகள் இருந்த இடத்திலேயே நிற்கின்றன. இரண்டாவது தவறுதான் ஆபத்தானது. ஷீட் பார்வைக்குச் சரியாகவே இருப்பதால் மாதக் கணக்கில் யாருக்கும் தெரியாது.

ஆகவே பூட்டுவதற்கு முன் நிரப்பும் இடத்தையும் கணக்கிடும் இடத்தையும் பிரித்துவிடுங்கள். பதிவுகள் ஒரு ஷீட்டில், ஃபார்முலாக்களும் தொகுப்பும் இன்னொன்றில், விலை, விகிதம் போல எப்போதாவது மாறுபவை மூன்றாவதில். பிறகு முதல் ஷீட்டை மட்டும் திறந்துவைத்தால் போதும். பிரிக்காமல் பூட்டப்போனால் விதிவிலக்குகளுக்கே நேரம் போய்விடும்.

எக்செல்லில் எல்லா செல்களும் தொடக்கத்திலேயே ‘லாக்ட்’ என்ற நிலையில்தான் இருக்கும்; ‘ப்ரொடெக்ட் ஷீட்’ கொடுத்த பிறகே அது செயலுக்கு வரும். நேரடியாக அதைக் கொடுத்தால் ஷீட் முழுவதும் பூட்டிக்கொள்வது இதனால்தான். ஃபார்முலாவும் பதிவும் கலந்து கிடக்கும் பழைய ஷீட்டில் இப்படிச் செய்யுங்கள்: முழு ஷீட்டையும் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல் 1 அழுத்தி, ‘ப்ரொடெக்‌ஷன்’ பகுதியில் ‘லாக்ட்’ குறியை எடுங்கள். அடுத்து எஃப்5 அழுத்தி, ‘ஸ்பெஷல்’ போய் ‘ஃபார்முலாஸ்’ தேர்ந்தால் ஃபார்முலா உள்ள செல்கள் மட்டும் தேர்வாகும். அவற்றுக்கு ‘லாக்ட்’ குறியைத் திரும்பப் போடுங்கள். தலைப்பு வரிசைக்கும் அதையே செய்து, ‘ரிவ்யூ’ மெனுவில் ‘ப்ரொடெக்ட் ஷீட்’ கொடுங்கள். அப்போது வரும் பட்டியலில் ‘செலக்ட் லாக்ட் செல்ஸ்’ குறியை எடுத்துவிடுவது நல்லது: பூட்டிய செல்லில் கர்சரே போய் நிற்காது.

இவ்வளவு செய்தும் ஒரு ஓட்டை உண்டு. டி5-இல் பி5-ஐயும் சி5-ஐயும் பெருக்கும் ஃபார்முலா பூட்டப்பட்டிருக்கிறது, மற்ற வரிசைகளிலும் (டி7-இல் பி7, சி7 என) அப்படியே என்று வைத்துக்கொள்வோம். திறந்திருக்கும் பி5-ஐ ஒருவர் கன்ட்ரோல் எக்ஸ் மூலம் வெட்டி பி7-இல் ஒட்டுகிறார். உடனே டி5-இன் ஃபார்முலா பி7-ஐச் சுட்டத் தொடங்கும். டி7-இல், சுட்டிய செல்லே இல்லை என்று சொல்லும் ரெஃப் (#REF!) பிழை வந்து நிற்கும். செல்லை இழுத்து நகர்த்தினாலும் இதே கதைதான். பூட்டு இதைத் தடுக்காது. வெட்டி ஒட்டாதீர்கள், நகலெடுத்து ஒட்டிவிட்டுப் பழையதை அழியுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிவையுங்கள். முக்கியமான ஃபார்முலாவை, செல்லை நேராகச் சுட்டாமல் முழு நெடுவரிசையிலிருந்து அந்த வரிசையின் மதிப்பை எடுக்கும்படி இண்டெக்ஸ் (INDEX), ரோ (ROW) என்ற இரண்டு ஃபங்ஷன்களையும் சேர்த்து எழுதினால் இந்தத் தொல்லையே இராது.

ஒரு செல்லில் எதை நிரப்பலாம் என்று விதி வைக்கும் டேட்டா வேலிடேஷனை முழுதாக நம்ப வேண்டாம். தட்டச்சு செய்வதை அது சோதிக்கும், ஒட்டுவதைச் சோதிக்காது. வேறு இடத்து செல்லை அப்படியே ஒட்டினால் விதியே அழிந்துவிடும். மதிப்பை மட்டும் ஒட்டும் ‘பேஸ்ட் வேல்யூஸ்’ பழக்கம் விதியைக் காப்பாற்றும், தவறான மதிப்பைத் தடுக்காது. அதனால் கணக்கிடும் ஷீட்டில், எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து வந்தால் காட்டிக்கொடுக்கும் ஒரு நெடுவரிசை வைத்துக்கொள்ளுங்கள்.

பூட்டிய ஷீட்டில் டேபிள் தானாகக் கீழே நீளாது. பூட்டிய செல்கள் கலந்த பகுதியை, அனுமதி கொடுத்திருந்தாலும், வரிசைப்படுத்த முடியாது. முன்பே காலி வரிசைகளைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஷீட்டுகளை நீக்குவதையும் பெயர் மாற்றுவதையும் தடுக்க ‘ப்ரொடெக்ட் வொர்க்புக்’ தனியாகக் கொடுக்க வேண்டும். இவையெல்லாம் கைத்தவறுக்கான தடுப்புகள்தாம். ரகசியத்தைக் காக்கும் பூட்டுகள் அல்ல. சம்பள விவரம் போன்றவற்றை மறைத்த ஷீட்டில் வைக்காமல் வேறு கோப்பில் வையுங்கள்.

கூகுள் ஷீட்ஸில் ‘டேட்டா’ மெனுவின் ‘ப்ரொடெக்ட் ஷீட்ஸ் அண்ட் ரேஞ்சஸ்’ போய், முழு ஷீட்டையும் பூட்டி, நிரப்பும் பகுதிக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். எச்சரிக்கை மட்டும் காட்டும் தேர்வும் உண்டு; அவசரத்தில் எல்லோரும் அதைத் தள்ளிவிட்டுத்தான் போவார்கள். சாதாரண ஃபில்டரை ஒருவர் போட்டால் மற்றவர்கள் திரையிலும் வரிசைகள் மறையும். ‘ஃபில்டர் வியூ’ போட்டால் அவரவர் பார்வை அவரவருக்கு.

கெட்டுப்போனால் மீட்க: எக்செல் 365-இல் ‘ஷோ சேஞ்சஸ்’ 60 நாள் வரையிலான மாற்றங்களை ஆள் பெயருடன் காட்டும். கூகுளில் செல்லின் மேல் வலது க்ளிக் செய்தால் அதன் திருத்த வரலாறு வரும். வரிசை நீக்கம் அதில் தெரியாது, அதற்கு கோப்பின் பழைய பதிப்புகளைக் காட்டும் வெர்ஷன் ஹிஸ்டரியைப் பார்க்க வேண்டும். அங்கே பழைய பதிப்பை ‘ரீஸ்டோர்’ செய்தால், அதன் பிறகு மற்றவர்கள் நிரப்பியதெல்லாம் கோப்பிலிருந்து போய்விடும். பழைய பதிப்பை நகலெடுத்து, அதிலிருந்து கெட்ட பகுதியை மட்டும் மதிப்புகளாக ஒட்டுங்கள்.