அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒருமுறை நடந்து பாருங்கள்

மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கம் வாடகைக்கு வீடு பார்க்கிறீர்களா? ‘ஸ்டேஷனுக்கு 500 மீட்டர்’ என்பதை நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். கைப்பேசி வரைபடத்தில் ‘நடை’ வழியைத் தேர்ந்தெடுத்து, வீட்டு வாசலிலிருந்து ஸ்டேஷன் நுழைவாயில் வரை எத்தனை நிமிடம் என்று பாருங்கள்.

விளம்பரத்தில் போடுவது பெரும்பாலும் காகம் பறக்கும் தூரம், அதாவது நேர்கோட்டுத் தூரம். இங்கே பறக்கும் ரயில் பாதை பக்கிங்காம் கால்வாயை ஒட்டிப் போகிறது. கால்வாயைப் பாலம் இருக்கும் இடத்தில்தான் கடக்க முடியும். எதிர்க்கரையில் கண்ணுக்குத் தெரிகிற ஸ்டேஷனுக்குச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும். சாதாரண நடையில் 10 நிமிடத்துக்குச் சுமார் 800 மீட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். வரைபடத்துக்கு நடைபாதையை அடைத்து நிற்கும் வண்டிகளோ எரியாத தெருவிளக்கோ தெரியாது. ஆகவே இரவு எட்டு மணிக்கு ஒருமுறை நடந்தும் விடுங்கள். மழை பெய்த மறுநாள் என்றால் இன்னும் நல்லது, தண்ணீர் எங்கே தேங்குகிறது என்பதும் தெரிந்துவிடும்.

தினமும் ஸ்கூட்டரில் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு தேவையில்லை. அவர்கள் முதலில் வண்டி நிறுத்த இடம் உண்டா என்று கேட்கட்டும்.