மழலைப் பேச்சைக் குறித்து வைப்பது எப்படி?

பேசக் கற்றுக்கொண்டிருக்கும் குழந்தை உள்ள வீட்டில் நாளுக்கு ஒருமுறையாவது எல்லோரும் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். ஆனால் அன்றிரவே அதை இன்னொருவரிடம் சொல்லப் போனால் குழந்தை சொன்ன சொல் பாதி நழுவிப்போய், ஏதோ வேடிக்கையாகச் சொன்னது என்பது மட்டும்தான் மிஞ்சியிருக்கும். குழந்தைக்கும் அது நினைவிருக்கப் போவதில்லை. பெரியவர்கள் பெரும்பாலோருக்கு மிகப் பழைய நினைவு ஏறத்தாழ 3 அல்லது 3½ வயதில்தான் தொடங்குகிறது என்பதால், மழலை செழித்திருக்கும் காலம் பேசியவருக்கே எட்டாமல் போய்விடுகிறது. எழுதி வைத்தால்தான் உண்டு.

இதற்குக் கோடு போட்ட சாதாரண நோட்டு ஒன்று போதும். தேதி அச்சிட்ட நாட்குறிப்பு வேண்டாம். வெற்றுப் பக்கங்கள் சேரச் சேர, எழுதவில்லையே என்ற உறுத்தல் வளர்ந்து, ஒரு கட்டத்தில் நோட்டையே எடுக்காமல் விட்டுவிடுவோம். வீட்டார் எல்லோரும் அடிக்கடி கடந்துபோகும் இடத்தில் அதை வைத்து, பேனாவையும் நூலால் கட்டிவிடுங்கள். கைப்பேசியில் குறித்துக்கொள்வதைத் தவறென்று சொல்லமாட்டேன். வெளியே இருக்கும்போது அதுதான் கைகொடுக்கும். ஆனால் அது ஒருவருடைய கைப்பேசியில் அடைந்து கிடக்கும், நோட்டிலோ பாட்டியும் எழுதலாம், அத்தையும் எழுதலாம். பகல் முழுவதும் குழந்தையோடு இருப்பவர் எழுதாத நோட்டில் நல்லவை பாதிகூடச் சேராது. கைப்பேசியில் குறித்ததை வாரத்திற்கு ஒருமுறை நோட்டில் பெயர்த்து எழுதிவிடுங்கள்.

ஒவ்வொரு குறிப்பிலும் குழந்தையின் வயது, சொன்ன சொல், யாரிடம் சொன்னது, அதற்குச் சற்று முன்பு என்ன நடந்தது ஆகியவை இருக்க வேண்டும். குழந்தை மொழியை ஆராய்பவர்கள் வயதை 2;7 என்று எழுதுவார்கள்; இரண்டு ஆண்டும் ஏழு மாதமும் என்று பொருள். எழுத எளிதாக இருப்பதால் வீட்டிலும் அதையே பின்பற்றலாம். பலரும் விட்டுவிடுவது முன்பு நடந்ததைத்தான். ‘நீ சின்னதா ஆனதும் உன்னத் தூக்கறேன்’ என்ற சொல்லை மட்டும் எழுதினால், சில ஆண்டுகள் கழித்துப் படிக்கையில் அது யாரோ சொன்ன துணுக்குபோலத் தோன்றும். அதற்கு முன் அம்மா, கால் வலிக்கிறது என்று படியில் உட்கார்ந்தார் என்பதையும் சேர்த்தால் அந்த மாலைப்பொழுதே திரும்பக் கிடைக்கும்.

சொன்ன சொல்லைத் திருத்தவே கூடாது. இந்த ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ர, ற, ழ போன்ற ஒலிகள் குழந்தைகளின் வாயில் தாமதமாகவே படிகின்றன. ஆகவே காதில் விழுந்தபடியே எழுதி, புரியாது என்று தோன்றினால் பொருளைப் பக்கத்தில் குறியுங்கள். இலக்கணப் பிழைகள் அதைவிடச் சுவையானவை, ஏனென்றால் அவற்றில் குழந்தை தானாகக் கண்டுபிடித்த விதி இருக்கிறது. ‘அப்பா வந்துச்சு’ என்று சொல்லும் குழந்தைக்கு உயர்திணையும் அஃறிணையும் இன்னும் பிரியவில்லை. மரியாதையாகப் பேச வேண்டும் என்று கற்றுக்கொண்ட குழந்தை சில நாட்களுக்கு நாயையும் ‘வந்தாங்க’ என்றே சொல்லும். அம்மா அப்பாவை ‘என்னங்க’ என்று அழைப்பதைக் கேட்டு, அதுதான் அப்பாவின் பெயர் என்று முடிவு செய்து தானும் அப்படியே கூப்பிடும். முந்தைய நாள், போன மாதம், போன ஆண்டு எல்லாமே அதற்கு ‘நேத்து’தான். ‘என்னைத் தூக்கு’ என்பதற்குப் பதிலாக ‘உன்னைத் தூக்கு’ என்று கை நீட்டுவதும் உண்டு; பிறர் தன்னை ‘உன்னை’ என்று சொல்லித்தானே அது கேட்டிருக்கிறது. இவற்றைச் சரியான வடிவத்தில் எழுதிவிட்டால் குறிப்பில் எதுவும் மிஞ்சாது.

சார்லஸ் டார்வின் 1839இல் பிறந்த தம் மூத்த மகனைப் பற்றி எழுதி வைத்த குறிப்புகளை 1877இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். சரியாக ஒரு வயதில் அந்தக் குழந்தை உணவுக்கு ‘மம்’ என்ற சொல்லைத் தானே உண்டாக்கிக்கொண்டதையும், பிறகு சர்க்கரைக்கு ‘ஷு-மம்’ என்றும், கறுப்பு என்ற சொல்லைக் கற்றதும் அதிமதுரத்திற்குக் ‘கறுப்பு ஷு-மம்’ என்றும் பெயர் வைத்ததையும் அவர் அதில் சொல்கிறார். சொல்லைக் கேட்டபடியே எழுதி வைத்ததால்தான் ஒன்றன்மேல் ஒன்றாக அது வளர்ந்த வழி தெரிகிறது. (நம் குழந்தைகளின் ‘மம்மு’வுக்கு அது எவ்வளவு அருகில் வருகிறது!)

அடுத்தது சிரிப்பைப் பற்றியது. குழந்தை நம்மைச் சிரிக்க வைக்கச் சொல்வதும், மனமார நம்பிச் சொல்லும்போது நமக்குச் சிரிப்பு வருவதும் வேறு வேறு. கிண்ணத்தைத் தலையில் கவிழ்த்துத் தொப்பி என்று காட்டிவிட்டு நம் முகத்தைப் பார்த்தால், அது வேடிக்கை செய்கிறது, தாராளமாகச் சிரிக்கலாம். நிலா ஏன் நம் பின்னாலேயே வருகிறது என்று அது கவலையோடு கேட்டால், சிரிப்பை அடக்கிக்கொண்டு பதில் சொல்லுங்கள், எழுதுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். எந்த வகை என்பதையும் குறிப்பில் ஒரு சொல்லில் சேருங்கள். வந்தவர்களிடம் ‘அன்னைக்குச் சொன்னியே, அதைச் சொல்லு’ என்று குழந்தையை நச்சரிப்பது எனக்குச் சற்றும் பிடிக்காத வழக்கம். இரண்டாம் முறை சொல்வது மனப்பாடம், அதை எழுத வேண்டியதில்லை.

காணொளி எடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு: கைப்பேசியைப் பார்த்ததும் குழந்தை பேசுவதை நிறுத்திவிடும், அல்லது கைப்பேசியைக் கேட்கும். ஆனாலும் குரலும் இழுவையும் எழுத்தில் வராதவை. அதனால் மாதம் ஒருமுறை, வீட்டார் சேர்ந்து சாப்பிடும்போது பத்து நிமிடம் ஒலியை மட்டும் பதிவு செய்து, கோப்பின் பெயரில் வயதை எழுதி வையுங்கள்.

வேடிக்கையானதை மட்டும்தான் எழுத வேண்டும் என்றில்லை. புதிய சொற்கள், பயங்கள், முதன்முதலாகச் சொன்ன பொய் எல்லாவற்றுக்கும் இடம் கொடுங்கள். இரண்டு வயதை ஒட்டி இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசத் தொடங்குவது பொதுவான வளர்ச்சி. அது தாமதமானால் அல்லது வந்த சொற்கள் மறைந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும், அப்போது வயதோடு எழுதிய இந்தக் குறிப்பு நம் நினைவைவிட நம்பகமாக இருக்கும்.

இரண்டாவது குழந்தை பிறந்தால் தனி நோட்டு வாங்க வேண்டாம், அது பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கும். அதே நோட்டில் பெயரின் முதலெழுத்தைப் போட்டுத் தொடருங்கள். மூத்தது இளையதற்கு உலகத்தை விளக்கும் உரையாடல்கள் அதில்தான் பொருந்தும்.

எதை வெளியே சொல்லலாம் என்பதையும் முதலிலேயே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். குழந்தையின் உடல், கழிப்பறை, அழுகை, பயம் பற்றியவை நோட்டைத் தாண்டி இணையத்திற்கோ உறவினர் குழுவிற்கோ போகக் கூடாது என்பது என் கருத்து. நாலு வயதுக்கு மேல் குழந்தையையே கேட்கலாம். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும்.

அந்த வயதில் நோட்டு எதற்கென்று குழந்தைக்கும் தெரிந்துவிடும். ‘இதை எழுதிக்கோ’ என்று தானே சொல்லத் தொடங்கி, எழுதும்படியாக எதையாவது இட்டுக்கட்டவும் செய்யும். தடுக்காதீர்கள், அப்படிச் சொன்னவற்றைக் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கி எழுதி, ‘சொல்லி எழுதியது’ என்று தலைப்பிடுங்கள். எழுத்துக் கூட்டத் தெரிந்ததும் அந்தப் பக்கங்களை அதன் கையிலேயே கொடுத்துவிடலாம்.