நிமோகாக்கஸ் கிருமியும் தடுப்பூசியும்: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி அடைமழையில் ஒரு நாள், எங்கள் குடியிருப்பின் கீழ்வீட்டில் இருக்கும் இளம் தாய் தம் ஒன்றரை வயது மகனின் ஆய்வக அறிக்கையோடு என்னிடம் வந்தார். பத்து நாளாக மூக்கு ஒழுகல் நிற்கவில்லையே என்று, யாரோ சொன்னதைக் கேட்டு, குழந்தையின் மூக்கிலிருந்து பஞ்சுக் குச்சியால் சளி எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறார். 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியே வளர்ந்துள்ளது' என்று அறிக்கையில் இருந்தது. அந்தப் பெயரைப் படித்ததும் மகனுக்கு நிமோனியா வந்துவிட்டது என்று முடிவு கட்டி, இரவு முழுவதும் கண் மூடாமல் இருந்திருக்கிறார். பையனோ காய்ச்சலோ இளைப்போ இல்லாமல், கையில் பாதி முறுக்கோடு என் வீட்டுக் கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான். தடுப்பூசி அறையில் பல ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்பதால், இந்தக் கிருமியைப் பற்றிய பயமும் அலட்சியமும் ஒரே வீட்டில் சேர்ந்தே இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

முதல் தவறு, மூக்கில் கிருமி இருப்பதையே நோய் என்று கொள்வது. நிமோகாக்கஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்தக் கிருமி, சிறு குழந்தைகளின் மூக்கும் தொண்டையும் சேரும் உள்பகுதியில் எந்தத் தொல்லையும் தராமல் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் தங்கியிருக்கும். ஒரு வகை போனால் வேறொரு வகை வந்து குடியேறும். தமிழ்நாட்டுக் கிராமப்புறக் கைக்குழந்தைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்றில், இரண்டு மாதக் குழந்தைகளிலேயே பாதிக்கு மேற்பட்டோரின் மூக்கில் இது காணப்பட்டது. வயது ஏற ஏற இது குறைந்து, பெரியவர்களில் சிலரிடம் மட்டுமே இருக்கும். இந்தக் கிருமியை 1881இல் உலகுக்கு அறிவித்த இருவருள் ஒருவரான அமெரிக்க இராணுவ மருத்துவர் ஜார்ஜ் ஸ்டெர்ன்பர்க், நோயில்லாத தம்முடைய எச்சிலில்தான் அதைக் கண்டார் என்பதை நினைத்தால், அறிக்கையில் அதன் பெயரைப் பார்த்து நடுங்க வேண்டியதில்லை என்பது விளங்கும். நலமாக விளையாடும் குழந்தைக்கு மூக்குச் சளிப் பரிசோதனையே தேவையில்லை.

இதிலிருந்து பிறப்பதுதான் அடுத்த தவறு: கிருமியை 'அடியோடு ஒழிக்க' ஆன்டிபயாட்டிக் கொடுப்பது. மருந்துக்கு அடங்கும் கிருமிகள் அழிந்து, அடங்காதவை மிஞ்சி, அவை அதே மூக்கில் இடம் பிடிக்கும். பின்னர் பால்வாடியிலும் பள்ளி வேனிலும் பிற குழந்தைகளுக்குப் பரவும். பெரும்பாலான சளிக்குக் காரணம் வைரஸ் என்பதால் ஆன்டிபயாட்டிக்கால் அதில் பயனும் இல்லை. போன மாதம் மருத்துவர் எழுதித் தந்த சிரப்பில் மிச்சம் இருந்ததை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கொடுக்கும் வழக்கத்தையும் நிறுத்த வேண்டும். தூளில் தண்ணீர் விட்டுக் கலக்கிய மருந்து குறிப்பிட்ட சில நாள்களுக்குத்தான் நிற்கும். அந்தக் கணக்கு அட்டைப்பெட்டியிலேயே அச்சிடப்பட்டிருக்கும்.

அப்படியென்றால் கவலையே வேண்டாமா என்றால், அதுவும் தவறு. அமைதியாக இருக்கும் இதே கிருமி, வைரஸ் காய்ச்சலில் மூக்கின் உட்சவ்வு புண்பட்டிருக்கும்போதோ, புகையும் ஊட்டக்குறைவும் குழந்தையைத் தளர்த்தியிருக்கும்போதோ, காதுக்குள் புகுந்தால் சீழ் வைக்கும், நுரையீரலுக்கு இறங்கினால் நிமோனியா, இரத்தத்தின் வழியே மூளையுறையை எட்டினால் மூளைக்காய்ச்சல். 'என் பிள்ளை ஆரோக்கியமாகத்தானே இருக்கிறான், ஊசி எதற்கு' என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில், இந்தத் தடுப்பூசி ஆரோக்கியமான குழந்தைக்காகவே செய்யப்பட்டது என்பதுதான். அண்ணனோ அக்காவோ பள்ளியிலிருந்து கொண்டுவரும் கிருமி, வீட்டில் இருக்கும் கைக்குழந்தைக்கும் தாத்தாவுக்கும் போகிறது. தடுப்பூசி அதில் அடங்கிய வகைகள் மூக்கில் தங்குவதையே குறைப்பதால், அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு முதல் குழந்தைகளுக்கு அதைப் போடத் தொடங்கியபின், போட்டுக்கொள்ளாத முதியவர்களிடமும் நோய் குறைந்தது.

எந்த ஊசி என்பதில் நடக்கும் குழப்பம் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியது. இந்தக் கிருமியைச் சுற்றி ஒரு சர்க்கரை உறை இருக்கிறது. உறையின் அமைப்பைக் கொண்டு நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் பிரிக்கப்பட்டுள்ளன. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் உடல், வெறும் சர்க்கரையை மட்டும் காட்டினால் அதை எதிரியாகச் சரிவர அடையாளம் காணாது. அதனால் அந்தச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு பிணைத்துத் தருகிறார்கள், அதுவே பி.சி.வி. எனப்படும் கான்ஜுகேட் தடுப்பூசி. 23 வகைகள் கொண்ட இன்னொரு ஊசி கடைகளில் உண்டு. எண் பெரிது என்பதால் அதுவே மேல் என்று எண்ணி, கைக்குழந்தைக்கு அதைக் கேட்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். அதில் புரதப் பிணைப்பு இல்லாததால் இரண்டு வயதுக்குள் அது உதவாது. மண்ணீரல் இல்லாதவர்கள், நெஃப்ராடிக் போன்ற சிறுநீரக நோயுள்ளவர்கள், காது கேட்பதற்காகக் காக்ளியர் கருவி பொருத்தப்பட்டவர்கள் ஆகிய குழந்தைகளுக்கு, இரண்டு வயதுக்குப் பின், பி.சி.வி.க்கு மேலதிகமாக மருத்துவர் அதைப் பரிந்துரைப்பார்.

இலவசமாகக் கிடைப்பது தரம் குறைந்தது என்ற எண்ணமும் சென்னையில் வலுவாக இருக்கிறது. பி.சி.வி. 2017இல் சில மாநிலங்களில் தொடங்கி, தமிழ்நாட்டில் 2021 முதல் அரசுத் திட்டத்தில் போடப்படுகிறது. தனியாரிடம் ஒரு தவணைக்குச் சில ஆயிரம் ரூபாய் வரை ஆகும் பி.சி.வி., நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை தடுப்பூசி நாளில் செலவில்லாமல் கிடைக்கிறது. புனேயின் சீரம் நிறுவனம் தயாரிக்கும், கிருமியின் 10 வகைகளுக்கு எதிரான பி.சி.வி., 2019இல் உலக சுகாதார நிறுவனத்தின் முன்தகுதிச் சான்று, அதாவது தரமும் பாதுகாப்பும் சரிபார்க்கப்பட்டதற்கான சான்று, பெற்றது. வசதியுள்ளவர்கள் எங்கே போட்டுக்கொண்டாலும் எனக்கு மகிழ்ச்சியே. பணம் சேரட்டும் என்று மாதங்களைக் கடத்துவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அரசு அட்டவணைப்படி 6ஆவது வாரம், 14ஆவது வாரம், பின்பு 9ஆவது மாதத்தில் ஊக்கத் தவணை (பூஸ்டர்) என மூன்று முறை போட வேண்டும். தனியார் குழந்தை மருத்துவர்கள் 6, 10, 14ஆவது வாரங்களிலும் 12 முதல் 15 மாதங்களுக்குள் ஊக்கத் தவணையுமாக நான்கு முறை போடுவார்கள். இரண்டுமே ஏற்கப்பட்ட முறைகள். எதில் தொடங்கினாலும் முடிக்க வேண்டும். மிகுதியாகத் தவறிப்போவது அந்த 9ஆவது மாத ஊசிதான். அன்றைக்குத் தட்டம்மை, ரூபெல்லா ஊசியைக் கையில் போட்டுக்கொண்டதும், தொடை ஊசியெல்லாம் முடிந்துவிட்டது என்று கிளம்பிவிடுகிறார்கள். அல்லது 'ஒரே நாளில் இத்தனை ஊசியா' என்று பாட்டி தடுத்துவிடுகிறார். 6ஆவது வாரத்தில் இடது தொடையில் ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட், வலது தொடையில் பி.சி.வி. என்று இரண்டையும் ஒரே நாளில் போடுவதற்குக் காரணம், குழந்தையின் உடல் இரண்டையும் தாங்கும் என்பது நன்றாக அறியப்பட்டிருப்பதே. ஒரு தவணை தள்ளிப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

லேசான சளியும் இலேசான உடம்புச் சூடும் ஊசியைத் தள்ளிப்போடக் காரணமாகா. மூக்கொழுகலே இல்லாத வாரத்துக்காகக் காத்திருந்தால், அண்ணன் பள்ளிக்குப் போகும் வீட்டில் அந்த வாரம் வரவே வராது. அதேபோல, ஊசிக்கு முன்கூட்டியே பாராசிட்டமால் கொடுத்துவிட்டு அழைத்து வருவது வேண்டாம். அது எதிர்ப்புச் சக்தி உருவாவதைச் சற்றுக் குறைக்கக்கூடும் என்று தெரியவந்துள்ளது. ஊசிக்குப் பின் காய்ச்சல் வந்தால், எடைக்கேற்ற அளவில் கொடுப்பதில் தடையில்லை. ஊசி போட்டும் சளி பிடிக்கிறதே என்று குறைபட்டுக்கொள்வதும் பொருந்தாது. சாதாரணச் சளியைத் தடுக்க அது வந்ததில்லை. பிற கிருமிகளால் வரும் நிமோனியாவையும் அது தடுக்காது.

இனிச் சொல்லப்போவது பாட்டிமார் மனம் நோகக்கூடிய செய்தி, ஆனாலும் சொல்லியாக வேண்டும். குளிப்பாட்டும்போது காலை நீட்டி அதில் குழந்தையைக் கிடத்தி, மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, வாயால் ஊதிச் சளியை எடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் மறையவில்லை. அந்த எண்ணெய் மூச்சுக்குழாய் வழியே நுரையீரலுக்கு இறங்கி, தானே ஒரு வகை நிமோனியாவை உண்டாக்கும். ஊதுகிறவர் வாயிலுள்ள கிருமியும் நேரே குழந்தைக்குப் போகும். குளித்தபின் கதவை மூடிக்கொண்டு தலைமாட்டில் காட்டும் சாம்பிராணிப் புகையும் அந்தச் சிறு நுரையீரலுக்குக் கெடுதலே. தலையைத் துண்டால் நன்றாகத் துவட்டினால் போதும்.

தடுப்பூசி முழுவதும் போட்ட குழந்தைக்கும் மூச்சைக் கவனிக்கத் தெரிந்திருக்க வேண்டும். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, அதற்கு மேல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணிக்கையை எட்டினாலே மூச்சு வேகமாக இருக்கிறது என்று பொருள், அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே பள்ளம் விழுந்தாலோ, பால் குடிக்க முடியாமல் துவண்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் 108ஐ அழையுங்கள்.

அந்தத் தாயிடம் அன்று நான் கேட்டது தடுப்பூசி அட்டையை. 6ஆவது வாரக் கட்டமும் 14ஆவது வாரக் கட்டமும் தேதியோடு நிரம்பியிருந்தன; 9ஆவது மாதத்தில் பி.சி.வி.க்கான கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. அப்போது ஊருக்குப் போயிருந்தோம், திரும்பி வந்து மறந்துவிட்டோம் என்றார். அடுத்த புதன்கிழமை மழைவிட்ட நேரம் பார்த்து, மூக்கு இன்னும் ஒழுகிக்கொண்டிருக்க, பையனைத் தூக்கிக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போய்வந்தார். மாலையில் அட்டையைக் கொண்டுவந்து காட்டினார்.