ராமநாதபுரம் கடலோரத்தில் கிராவல் சைக்கிள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தை பிறந்து மழை ஓய்ந்ததும் எங்கள் பக்கம் கிராவல் சைக்கிளோடு, அதாவது மண்பாதைக்கென்று அகலமான டயர் போட்ட சைக்கிளோடு, வருகிறவர்கள் கூடிவிடுகிறார்கள். மதுரையிலிருந்து வருகிறார்கள், காரைக்குடியிலிருந்து வருகிறார்கள், உள்ளூர்ப் பையன்களும் இப்போது நல்ல வண்டியாக வாங்கியிருக்கிறார்கள். மனதுக்கு நிறைவாக இருக்கிறது. கண்மாய்க் கரை, பனங்காட்டு வண்டிப்பாதை, உப்பளத்தை ஒட்டிய மண்ரோடு என்று லாரி சத்தமே இல்லாமல் நாள் முழுக்க மிதிக்க இந்த மாவட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் நாங்கள் தொடக்கத்தில் செய்த அதே தவறுகளை இவர்களும் வரிசையாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ஹெல்மெட் போடு, தண்ணீர் எடு, விளக்கு மாட்டு என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். மற்றதைச் சொல்கிறேன்.

டயரில் காற்றை இறுக்கி அடிப்பது

இறுக்கமாக இருந்தால் முள் ஏறாது என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். ஏறும். இறுகிய டயர் வளைந்து கொடுக்காது, அதனால் முள் இன்னும் நேராக உள்ளே போகும். 40 மி.மீ. டயர், 70 கிலோ ஆள், டியூப்லெஸ் (உள்ளே டியூப் இல்லாத டயர்) என்றால் 30 பிஎஸ்ஐக்கு அக்கம்பக்கம் வைத்துத் தொடங்குங்கள். டியூப் போட்டவர்கள் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் கல்லில் மோதும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கும். பெரியபட்டினம், முத்துப்பேட்டை பக்கத் தேரி மணலில் இறங்குவதற்கு முன் இன்னும் கொஞ்சம் காற்றை விட்டுவிட்டு, ரோட்டுக்கு ஏறியதும் கைபம்பில் அடித்துக்கொள்ளுங்கள்.

முள்

சீமைக் கருவேலம் இந்த மாவட்டம் முழுக்க இருக்கிறது. அதை வெட்டிக் கரிமூட்டம் போடுவது இங்கே பலருக்குப் பிழைப்பு. வெட்டிய விறகு டிராக்டரில் போன பாதையில் முள்கிளை சிதறித்தான் கிடக்கும், அந்தப் பாதை எவ்வளவு சுத்தமாகத் தெரிந்தாலும் சரி. சாலையோரத்தில் நெருஞ்சி வேறு. டியூப்லெஸ் போடுங்கள், போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள்: எங்கள் வெயிலில், ஓட்டையை அடைப்பதற்காக டயருக்குள் ஊற்றுகிற சீலண்ட் சில மாதங்களில் காய்ந்து தோலாகிவிடும், அப்புறம் அது உள்ளே இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். முள்ளைப் பிடுங்கினால் ஓட்டை கீழே வருகிற மாதிரி சக்கரத்தைத் திருப்பி வையுங்கள், சீலண்ட் அங்கே வந்து அடைக்கும்.

டியூப் ஆட்கள் செய்கிற தவறு வேறு. புது டியூபை மாட்டுவார்கள், இரண்டு கிலோமீட்டரில் மறுபடி இறங்கிவிடும். ஒடிந்த முள்முனை டயருக்குள்ளேயே இருந்திருக்கும். ஒரு பருத்தித் துணியை டயரின் உட்பக்கம் முழுக்க ஒரு சுற்று இழுத்துப் பாருங்கள், முனை இருந்தால் நூல் மாட்டும். விரலால் தடவினால் விரல்தான் கிழியும்.

கடல் விளிம்பில் ஓட்டிவிட்டு வண்டியைச் சுவரில் சாய்த்து வைப்பது

இதுதான். இந்த ஒன்றைத்தான் எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்லியும் அடுத்த வாரம் இன்னொருவர் செய்துகொண்டு நிற்பார், அதைப் பார்க்கும்போது இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

ஆசை எங்கே தொடங்குகிறது என்று புரிகிறது. மேலே உலர்ந்த மணலில் சக்கரம் புதைகிறது, தண்ணீர் வற்றிப்போன விளிம்பில் ஈர மணல் தார்ரோடு போல இறுகிக் கிடக்கிறது. சேதுக்கரையிலும் அரியமானிலும் அப்படி ஓட்டுகிறவர்களைப் பார்க்கலாம். அலை வந்து சக்கரத்தை நனைக்கும், தண்ணீர் இரண்டு பக்கமும் தெறிக்கும், நண்பர் வீடியோ எடுப்பார். வீட்டுக்குப் போனதும் வண்டி பால்கனியில் சாயும். மறுநாள் பார்த்தால் காய்ந்து, பளிச்சென்று இருக்கும். பிரச்சினை ஒன்றும் இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள்.

கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. தண்ணீர் காய்ந்தாலும் உப்பு போகாது. அந்த உப்பு, காற்றில் ஈரப்பதம் முக்கால்வாசிக்கு மேல் ஏறினாலே ஈரத்தை இழுத்துத் தானாகக் கரையும், கடலோரத்தில் பெரும்பாலான இரவுகளில் ஈரப்பதம் அதற்கு மேல்தான். ஆக, பகலில் காய்ந்து தெரிகிற வண்டி ராத்திரி முழுக்க உப்புநீரில் நிற்கிறது. நீங்கள் கடலுக்குப் போனது ஒருநாள்தான், அரிப்பு தினமும் நடக்கிறது.

வெளியே தெரிகிற துருவைப் பற்றி நான் கவலைப்படவில்லை. செயினைக் கழற்றி வேறு போட்டுக்கொள்ளலாம். சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட் பக்கமாக இறங்கும் உப்புநீர்தான் வண்டியைத் தின்கிறது. பிரேம் இரும்பு, போஸ்ட் அலுமினியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு உலோகம், நடுவில் உப்புநீர்; பேட்டரிக்குள் நடக்கிற வேலை அங்கே நடக்கும், அலுமினியம் அரித்து ஆக்சைடாக மாறும். அந்த ஆக்சைடு பழைய உலோகத்தைவிட அதிக இடம் கேட்கும். இருக்கிற இடுக்கில் அது ஊதிக்கொண்டே போய் போஸ்டைக் கவ்விப் பிடித்துவிடும். கார்பன் பிரேமில் அலுமினியம் போஸ்ட் போட்டாலும் இதே கதைதான். ஸ்போக்கை ரிம்மில் பிடித்திருக்கும் சின்னத் திருகுதான் நிப்பிள்; அலுமினியம் நிப்பிள் போட்ட சக்கரங்களில் நிப்பிள் உள்ளேயே அரித்து, ஒருநாள் ஓடும்போது ஸ்போக் விட்டுக்கொள்ளும். பித்தளை நிப்பிள் கேட்டு வாங்குங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, ஆசையாகக் காசு சேர்த்துக் குரோமோலி (ஒருவகை எஃகு) பிரேம் வாங்கியவர். வாரக் கடைசியில் விளிம்பு ஓட்டம்தான் அவருக்கு. சில மாதம் கழித்து சீட்டைக் கொஞ்சம் ஏற்றலாம் என்று போல்ட்டைத் தளர்த்தினால் போஸ்ட் அசையவில்லை. எண்ணெய் விட்டார், வெந்நீர் ஊற்றினார், கடைசியில் மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். அவர் வண்டியை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, “தம்பி, கடல் தண்ணியில விட்டியா?” என்றுதான் முதலில் கேட்டார். பைப் ரெஞ்சு போட்டுத் திருகியதில் போஸ்ட் முறிந்தது. மீதியை ரம்பத்தால் உள்ளுக்குள் அறுத்து எடுக்கும்போது பிரேம் குழாயும் வெட்டுப்பட்டுவிட்டது. பிரேம் போனது. அலை தெறிக்கிற வீடியோ இன்னும் அவர் போனில் இருக்கிறது.

இதில் எனக்கு எரிச்சல் என்னவென்றால், தடுப்பதற்கு அரைமணி நேரமும் இரண்டு வாளித் தண்ணீரும் போதும். நாட்டுப்படகு வைத்திருக்கும் மீனவர்களைப் பாருங்கள், பழகியவர்கள் கரை வந்ததும் அவுட்போர்டு இன்ஜினை நல்ல தண்ணீரில் ஓடவிட்டு அலசிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். நமக்கு மட்டும் அந்தப் பொறுமை ஏன் இல்லை?

அன்றைக்கே கழுவ வேண்டும், ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளக்கூடாது. எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். கடலோர ஊர்களில் பல வீட்டு போர் தண்ணீர் உப்புதான், அதில் கழுவினால் உப்பின் மேல் உப்பு. வாயில் ஒரு துளி வைத்துப் பாருங்கள், கரித்தால் அது வேண்டாம். காவிரிக் குழாய்த் தண்ணீரை இங்கே யாரும் வீணாக்க மாட்டோம், அதனால் மக்கால் மொண்டு மேலிருந்து கீழே ஊற்றி, துணியால் துடைத்து, மறுபடி ஒருமுறை ஊற்றினால் போதும். வாட்டர் சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோய் வேகமாகப் பீய்ச்ச வேண்டாம். அந்த அழுத்தம் பேரிங் சீலைத் தாண்டி உப்பை உள்ளே தள்ளி, இருக்கிற கிரீஸையும் வெளியே கொண்டுவந்துவிடும்.

அப்புறம், சீட் போஸ்டில் உயரத்துக்கு ஒரு டேப் ஒட்டி அடையாளம் வைத்துவிட்டு, அதைக் கழற்றுங்கள். வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தால் சில நேரம் தண்ணீர் வடிவதைக் கண்ணால் பார்க்கலாம். குழாயின் உட்புறத்தைத் துணியால் துடைத்து, கிரீஸ் தடவி மாட்டுங்கள். கார்பன் என்றால் கிரீஸ் கூடாது, அதற்கென்று இருக்கிற பேஸ்ட். கடல்நீரே படாமல் பாம்பனிலோ மண்டபத்திலோ மொட்டைமாடியில் நிறுத்துகிறவர்களுக்கும் இது பொருந்தும், காற்றிலேயே உப்பு வருகிறது. ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் மாதம் ஒருமுறை போஸ்டைக் கழற்றி மாட்டிவிடுங்கள்.

விளிம்பில் ஓட்டவே கூடாதா என்று கேட்பார்கள். ஓட்டாதீர்கள் என்றுதான் சொல்வேன். கடலைப் பார்க்க வேண்டுமானால் வண்டியை மேட்டில் நிறுத்திவிட்டு இறங்கி நடங்கள்.

தரவையை மைதானம் என்று நம்புவது

தரவை என்கிற கடலோர உப்புத்தரை வெள்ளையாக, சமமாக, வெடித்துக் காய்ந்து கிடக்கும். மேல் ஓடு மட்டும்தான் காய்ந்தது, அடியில் கறுப்புச் சேறு. நடுவில் போய் மாட்டினால் வண்டியைத் தூக்கிக்கொண்டு முழங்கால் சேற்றில் வரவேண்டும், அந்தச் சேறும் உப்புதான். போன் மேப் அதன் குறுக்கே கோடு போட்டுக் காட்டும், நம்பாதீர்கள். ஆடு மாடு நடந்து பதிந்த தடம் இருந்தால் அதிலேயே போங்கள், தடம் வளைந்தால் நீங்களும் வளையுங்கள்.

காற்றோடு கிளம்புவது

கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் முதுகுக்குப் பின்னால் காற்றை வைத்துக் கிளம்பி, ‘இன்றைக்கு நல்ல கால்’ என்று நினைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். திரும்பும்போது வெயிலும் ஏறியிருக்கும், எதிர்க்காற்றும் இருக்கும். எதிர்க்காற்றில் கிளம்பி, காற்றோடு வீடு வாருங்கள். வாடைக்காலத்தில் திசை மாறும், கணக்கு அதேதான். 1988இல் திறந்த பாம்பன் சாலைப் பாலத்தில் பக்கக்காற்று திடீரென்று தள்ளும், ரயில் பாலத்தைப் பார்க்க ஓரத்தில் நிறுத்திய கார்களைச் சுற்றிப் போகும்போதுதான் பெரும்பாலும் தள்ளும். வேகமாக அடித்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

அரிச்சல்முனைக்குச் சாயங்காலம் கிளம்புவது

தனுஷ்கோடிக்கு அப்பால் இருக்கிற அந்த முனைக்குச் சாயங்காலம் போனால் போலீஸ் திருப்பி அனுப்பிவிடுவார்கள். காலையில் போங்கள்.

சரணாலயக் கண்மாய்க் கரையில் ஏறுவது

சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் இரண்டும் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தவை. பறவைகள் கூடு கட்டியிருக்கும் மாதங்களில் கரைமேல் சைக்கிள் வேண்டாம்.

மழை விட்ட மறுநாள் கரிசலில் இறங்குவது

கமுதி, முதுகுளத்தூர், சாயல்குடி சுற்றுவட்டத்தில் கரிசல். இரண்டு நாள் நல்ல வெயில் அடிக்கும் வரை மண்பாதையில் இறங்காதீர்கள். மண் டயரில் அப்பி, சக்கரத்தைப் பிடித்திருக்கும் போர்க்கில் (கவையில்) அடைத்து, சக்கரம் நின்றுவிடும். அப்போது பெடலை அழுத்தி மிதிக்கவே கூடாது. செயின் இறுகி, கியர் மாற்றுகிற பின் டெரெய்லரை இழுத்து, அதைப் பிரேமில் பிடித்திருக்கும் ஹேங்கரை முறித்துவிடும். இறங்கி, பனைமட்டையை ஒடித்து மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஓரத்துப் புல்மேல் தள்ளிக்கொண்டு தார்ரோட்டுக்கு வாருங்கள். ஹேங்கர் ஒவ்வொரு பிரேமுக்கும் ஒரு வடிவம், சாயல்குடி சைக்கிள் கடையில் உங்கள் வண்டிக்கு உரியது இருக்காது. உபரியாக ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள்.