கறுப்பு நாய் வளர்க்க எண்ணுவோருக்கு

காரைக்குடிப் பக்கத்து வெயிலுக்குக் கறுப்பு நாய் என்றால் முதல் தேர்வு கன்னி என்னும் நாட்டு நாய் இனம்தான். கருமேனி, புருவத்திலும் காலிலும் தேன் நிறம், ஒட்டிய குட்டை முடி. ஓட இடம் வேண்டும். கட்டிப்போட்டே வளர்க்கும் நாய் அல்ல. கறுப்பு லாப்ரடாரும் அழகுதான், ஆனால் இரண்டடுக்கு முடி, சித்திரையில் மூச்சிரைக்கும். அதற்காக மொட்டையடிக்காதீர்கள், தோல் வெந்துவிடும். பகலில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் படுக்க விடுங்கள்.

பெரிய தொல்லை உண்ணி. கறுப்பு முடியில் கண்ணுக்கே தெரியாது. காதுக்குள், கழுத்துப்பட்டைக்கு அடியில், விரலிடுக்கில் முடியை எதிர்த்திசையில் விலக்கித் தினமும் தடவிப் பாருங்கள். மிளகுபோல் தட்டுப்பட்டால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். திருகினால் வாய்ப்பகுதி உள்ளேயே தங்கிப் புண்ணாகும். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். ஈறு வெளுத்துச் சோற்றை ஒதுக்கினால், அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.